கையால் மாற்றும் பிரிவு

நந்தகோபனின் இடக்கைக்குக் காலையிலிருந்தே பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கள்ளிமேட்டு ஓடுதளத்தின் ஓரத்தில் மேடை போட்டு, அவனை நாற்காலியில் உட்காரவைத்து, சட்டையை முழங்கைக்கு மேல் மடித்து, கையை ஒரு பித்தளைத் தாம்பாளத்தின் மேல் நீட்டவைத்திருந்தார்கள். ஊற்றிய பால் தாம்பாளத்தில் நிறைந்து, பலகையில் வழிந்து, தார்த் தரையில் காய்ந்து, வெயிலில் புளித்தது. எரிந்த டயரின் நாற்றமும் புளித்த பாலின் நாற்றமும் கலந்த காற்றை ஆயிரக்கணக்கானோர் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு, "இடக்கை, இடக்கை" என்று கத்தினார்கள். ஈக்களும் வந்திருந்தன. அவற்றின் வருகைக்காவது ஒரு நியாயம் இருந்தது.

மற்ற நாட்களில் இதே மக்கள், கடைக்காரர் இடக்கையால் சில்லறை நீட்டினால் முகம் சுளிப்பவர்கள். ஆனால் காரில் ஓட்டுநரின் இருக்கை வலப்புறம் இருக்கிறது. ஆகவே கியர்த் தண்டு இடக்கைக்கு வாய்த்தது. ஆகவே கள்ளிமேட்டில் இடக்கை தெய்வமாயிற்று. வென்றவன் அதே கையால் லட்டை உதிர்த்துக் குழந்தைகளின் வாயில் ஊட்டுவான். பெற்றோர் குழந்தைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முண்டியடிப்பார்கள். பல்லடத்துக்குத் தெற்கே கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு விமான ஓடுதளம் இப்படித்தான் திருத்தலமாயிற்று.

சாலையில் ஓடும் வண்டிகளில் கியர் என்ற பொருளே இல்லாமற்போய் ஒரு தலைமுறை கழிந்திருந்தது. வண்டி தானே பார்த்தது, தானே திரும்பியது, தானே நின்றது. பெட்ரோல் இயந்திரம் பந்தயத் திடலுக்குள் மட்டும் அனுமதிக்கப்பட்டது. நானூறு மீட்டர் நேர்க்கோடு, இரண்டு கார்கள், நடுவில் ஒரு விளக்குத் தூண். பச்சை எரிந்ததும் பாய வேண்டும், அவ்வளவுதான் பந்தயம். அதில் இரண்டு பிரிவுகள் இருந்தன. ஆட்டோமேட்டிக் பிரிவில் கியர்ப்பெட்டி தானே கியரை மாற்றிக்கொள்ளும். தவறாது, தயங்காது, ஒவ்வோர் ஓட்டமும் முந்தைய ஓட்டத்தைப் போலவே இருக்கும். அதைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. மற்றது கையால் மாற்றும் பிரிவு. மனிதன் தடுமாறக்கூடும், தவறான கியரில் தள்ளி இயந்திரத்தை வெடிக்கவைக்கக்கூடும் என்ற நப்பாசையோடு கூட்டம் அதற்குத்தான் வந்தது.

மேடைக்குக் கீழே தாரிணி நின்றிருந்தாள். அவள் நந்தகோபனின் மனைவி; அவனுடைய அணியில் பதிவுபெற்ற உறுப்பினரும்கூட. டயரைச் சூடேற்றிய பிறகு பின்வாங்கும் காரைச் சரியான தடத்தில் நிறுத்த, காருக்கு முன்னால் நின்று இரு கைகளாலும் சைகை காட்டுவது அவள் வேலை. மேடையில் நீண்டிருந்த கையைப் பற்றி அந்தக் கூட்டத்தில் வேறெவரும் சொல்லத் துணியாத செய்தி ஒன்று அவளுக்குத் தெரியும். அந்தக் கையால் நந்தகோபன் இரண்டு மாதங்களாகச் சட்டைப் பொத்தானைப் போட்டதில்லை.

சென்ற வாரம் கோயம்புத்தூரில் நரம்பியல் மருத்துவர் சுலைகா பானு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லியிருந்தார். நந்தகோபன் வெளியே காத்திருந்தான்.

"முழங்கைக்குக் கீழே தோலுக்கு அடியில ஒரு பட்டை வெச்சிருக்காங்க. நீங்க எல்லாம் அதுக்கு என்ன பேர் சொல்றீங்க?"

"வளையல்னு சொல்லுவாங்க டாக்டர்."

"அழகான பேருதான். இயந்திரம் ஓடறப்போ அதோட கம்ப்யூட்டர் இந்த வளையலுக்குச் சைகை அனுப்புது. எந்தக் கணத்துல கியரை மாத்தணுமோ அந்தக் கணத்துல வளையல் கைத் தசையைச் சுண்டி விடுது. கை தானே போய் மாத்திட்டு வருது. அவர் நினைக்க வேண்டியதே இல்லை."

"நினைச்சா?"

"நினைச்சா தப்பாயிடும். அதனால மூளையிலிருந்து வர்ற சைகையை வளையல் அந்த நேரம் தடுத்து வெச்சிருக்கு. பந்தயத்துக்கு மட்டும்னா பரவாயில்லை. பயிற்சின்னு தினமும் எத்தனை தடவை ஓட்டறார்? நாம ஒருத்தரைக் கூப்பிட்டுட்டே இருக்கோம், அவங்க வரவே இல்லைன்னா என்ன செய்வோம்? கூப்பிடறதை விட்டுடுவோம். மூளையும் அப்படித்தாம்மா. அந்தக் கையைக் கூப்பிடறதை அது ஏறக்குறைய விட்டுடுச்சு."

"திரும்பி வருமா?"

"இப்பவே எடுத்துட்டா வரும். ஆறு மாசம் பயிற்சி கொடுத்துக் கொண்டுவந்துடலாம். ஆனா வர்ற ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துல அவர் ஓட்டினார்னா, திங்கட்கிழமை என்கிட்ட வராதீங்க. செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது."

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றுதான்.

பாலபிஷேகம் முடிந்து, கொட்டகைக்கு வந்ததும் நந்தகோபன் வலக்கையால் இடக்கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். பால் காய்ந்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தாரிணி ஈரத்துணியால் அவற்றைத் துடைத்தாள். அணியின் முதலாளி அங்கமுத்து எதிரே அமர்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். எவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. குரலை உயர்த்தாமலே, பந்தயத்தில் ஓட்டும் எட்டுப் பேரில் ஒருவனுடைய கையைத் தம் பெயருக்கு ஆக்கிக்கொண்டவர்.

"அம்மிணி, என்னைய ஏன் மொறைக்கற? நான் அன்னைக்கே சொன்னேன். கைக்கு ஆகலைன்னா கார்ல ஆட்டோமேட்டிக் பெட்டிய வெச்சுக்கலாம், அந்தப் பிரிவுல ஓட்டட்டும்னு. நாளைக்கே வெக்கறேன். கேளு உன்ர புருசன."

தாரிணி கேட்டாள். "கேக்கறாரில்லீங்க. சொல்லுங்க மாமா."

"ஆட்டோமேட்டிக்லயா? நானா?" நந்தகோபன் சிரித்தான். "அதுக்கு ஒரு சேலையக் கட்டிட்டு வீட்டுலயே உக்காந்துக்கலாம்."

"சேலை கட்டறவதான் மாமா தெனமும் உங்களுக்கு வேட்டி கட்டி உடறேன்."

அங்கமுத்து இளநீரை உறிஞ்சுவதை நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சிரித்தார். அவருக்கு அது நல்ல நகைச்சுவையாகப் பட்டது.

"பெட்டி கார்ல இருந்தா மானம் போவுது," என்றாள் தாரிணி. "ஒடம்புக்குள்ள இருந்தாப் போவாதுங்களா?"

"அது பெட்டி இல்ல, வளையலு. மாத்தறது என்ர கை." நந்தகோபன் பல்லைக் கடித்தான். "ஓசூர்க்காரன் டொமினிக் போட்டிருக்கறான். சேலத்துக்காரன் போட்டிருக்கறான். வெறுங்கையோட நான் ஒருத்தன் போயி நிக்கோணுமா? மூணு வருசம் அப்பிடித்தான் நின்னேன். ஒரு நாய் என்னையத் திரும்பிப் பாக்கலே."

அவன் சொன்னது உண்மை. வெறுங்கையோடு அவன் ஓட்டிய மூன்று ஆண்டுகளில் அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஒருவரும் வந்ததில்லை. கையால் மாற்றும் பிரிவு என்று பெயர் வைத்துக்கொண்டு, கையால் மாற்றுகிறவனை ஒதுக்கி வைத்த கூட்டம் அது. ஆட்டோமேட்டிக் கியர்ப்பெட்டி தங்கள் காருக்குள் இருப்பதை இழிவென்று கருதிய ஆண்கள், அந்த இழிவிலிருந்து தப்புவதற்காக அதையே தசைக்குள் தைத்துக்கொண்டார்கள். இதைவிடப் பெரிய மூடத்தனத்தை மனித இனம் செய்திருக்கலாம். இதைவிட அருவருப்பானதைச் செய்திருக்க முடியாது.

தாரிணி ஈரத்துணியைத் தொட்டியில் எறிந்துவிட்டு, தொழில்நுட்ப அதிகாரியின் கூடாரத்துக்குப் போனாள்.

பேராசிரியர் ஞானதுரை அங்கே மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். கல்லூரியில் இயந்திரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். ஒவ்வொரு காரும் விதிப்படி இருக்கிறதா என்று சான்றளிப்பது அவர் பொறுப்பு. எண்ணெய் படிந்த விரல்களைச் செய்தித்தாளில் துடைத்துக்கொண்டே அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். எதுவும் அவருக்குப் புதிதாகத் தெரியவில்லை.

"அம்மா, விதி என்ன சொல்லுது? கியர்த் தண்டை ஓட்டுநரோட கை மாத்தணும். கை அவரோடதுதானே? யாருகிட்டயாவது இரவல் வாங்கிட்டு வந்தாரா?"

"கை அவரோடதுங்க. மாத்தறது யாருங்க?"

"அதை எந்தப் பெட்டியைத் திறந்து நான் பாக்கட்டும்? காரைத் திறக்கலாம். ஆளைத் திறக்க எனக்கு அதிகாரம் இல்லையே."

"ஆளைத் திறக்க வேண்டாமுங்க. பெட்டி காட்டுறப்ப ஒரு காரியம் செய்யுங்க, போதும்."

பெட்டி காட்டுவது கள்ளிமேட்டின் பழைய வழக்கம். முன்னொரு காலத்தில் சிலர் ஆட்டோமேட்டிக் பெட்டியைக் கியர்த் தண்டோடு ஒளித்து வைத்து ஏமாற்றியதால், பந்தயத்துக்கு முன் எல்லாக் கார்களையும் கூட்டத்தின் எதிரே வரிசையாக நிறுத்தி, மூடியைக் கழற்றிக் கியர்ப்பெட்டியைக் காட்ட வேண்டும். பதிவுபெற்ற எவரும் எந்தக் காரின் மீதும் அப்போது ஆட்சேபம் எழுப்பலாம். சொந்த அணியின் மீதே ஒருவர் ஆட்சேபம் எழுப்புவார் என்று எவரும் எண்ணியிருக்கவில்லை. ஆகவே அதைத் தடுக்கவும் விதியில்லை.

"இயந்திரத்தை நிறுத்திட்டு, ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் கியரை மாத்திக் காட்டச் சொல்லுங்க. நாலு வயசுக் குழந்தையும் மாத்துமுங்க. அவரு மாத்துனாருன்னா நான் வாயத் தொறக்கலே."

ஞானதுரை கடைசி பஜ்ஜியைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் தகுதி இழந்துடுவாரே அம்மா."

"அதுக்குத்தானுங்க வந்தேன்."

எட்டுக் கார்களும் வரிசையாக நின்றன. மூடிகள் கழற்றப்பட்டன, பெட்டிகள் காட்டப்பட்டன, கூட்டம் வழக்கப்படி கைதட்டியது. ஞானதுரை ஒலிபெருக்கியில் ஆட்சேபத்தை அறிவித்தார். யாருடைய ஆட்சேபம் என்று அவர் சொன்னபோது திடலெங்கும் ஒரு சிரிப்பு ஓடியது. பக்கத்துக் காரிலிருந்து டொமினிக் தலையை நீட்டினான்.

"என்ன நந்தண்ணே, வீட்டுல சோறு போடலன்னு நீதான் சண்ட போட்டியா?"

நந்தகோபன் அவனைப் பார்க்கவில்லை. காருக்கு முன்னால் நின்ற தாரிணியைப் பார்த்தான். எல்லாப் பந்தயங்களிலும் அவள் நிற்கும் அதே இடம். அவள் கைகள் இரண்டும் இன்று தொங்கிக்கொண்டிருந்தன.

"இயந்திரம் அணைந்திருக்கிறது," என்றார் ஞானதுரை. "முதல் கியர்."

நந்தகோபன் கிளட்சை மிதித்தான். அவன் முகத்தில் நரம்புகள் புடைத்தன. தோள் அசைந்தது, மேற்கை கொஞ்சம் அசைந்தது, முழங்கைக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. அவன் வலக்கையால் இடக்கையைப் பிடித்துத் தூக்கித் தண்டின் குமிழ்மேல் வைத்தான். அது அங்கேயும் தங்காமல் வழுக்கித் தொடைமேல் விழுந்தது. திடலின் பெரிய திரையில் அந்தக் காட்சி ஓர் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது.

டொமினிக் உரக்கச் சிரித்தான்.

"அவரையும் கேளுங்க," என்றாள் தாரிணி.

சிரிப்பு நின்றது. டொமினிக்கின் கை நகரவில்லை. சேலத்துக்காரனின் கை நகரவில்லை. ஞானதுரை ஒவ்வொரு காராகப் போனார். கடைசிக் காரில் இருந்தவன் பத்தொன்பது வயதுப் பையன். அவனுடைய சுண்டுவிரல் மட்டும் துடித்தது. தன் விரல் துடித்ததைக் கண்டு அவன் அழுதுவிட்டான். எட்டுப் பேர், எட்டு இடக்கைகள், ஒரு கியர்கூட விழவில்லை. பல்லாண்டுகளாகக் கூட்டம் பாலூற்றி வணங்கியது எதை என்று அந்தத் திரையில் எழுதி ஒட்டியதுபோல் ஆயிற்று.

தாரிணி கூட்டத்தை நோக்கித் திரும்பினாள். அவர்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறார்கள், கோபம் வரும், நாற்காலிகள் பறக்கும், பந்தயம் நிற்கும். நந்தகோபன் அவளை வாழ்நாள் முழுவதும் மன்னிக்காமல் இருக்கட்டும். நாளை காலை மருத்துவரிடம் போய்விடலாம். அவள் கணக்கு அதுதான். மனிதரைப் பற்றி இவ்வளவு நல்ல எண்ணம் வைத்திருந்ததுதான் அவள் செய்த பிழை.

வெகுநேரத்துக்குப் பிறகு மேல்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "என்ஜினைப் போட்டுப் பாருங்க சாமி."

ஞானதுரை தயங்கினார். அங்கமுத்து அவர் அருகே போய், குரலை உயர்த்தாமல், ஏதோ சொன்னார். ஞானதுரை கையசைத்தார். எட்டு இயந்திரங்களும் உறுமின.

எட்டுக் கைகளும் எழுந்தன. ஒரே கணத்தில், ஒரே உயரத்துக்கு, ஒரே சாய்வில் எழுந்து, எட்டுக் குமிழ்களையும் பற்றி, முதல் கியரில் தள்ளின. சற்றுமுன் செத்த மீன்போல் கிடந்த விரல்கள் இப்போது கம்பியாக இறுகியிருந்தன. அவற்றின் உடைமையாளர்கள் எட்டுப் பேரும் குனிந்து தங்கள் கைகளை, பிறர் கையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எறங்கிருச்சு," என்றாள் முன்வரிசையில் ஒரு பெண், மிகவும் மெதுவாக. "சாமி எறங்கிருச்சு."

அந்தச் சொல் வரிசை வரிசையாகப் பரவியது. சிலர் எழுந்து நின்றார்கள். சிலர் செருப்பைக் கழற்றினார்கள். மனிதனால் அசைக்க முடியாத கையை இயந்திரம் அசைக்கிறதென்றால் அது அருள் அல்லாமல் வேறென்ன? குலவை ஒலி எழுந்தது. யாரோ ஒரு குடம் பாலைத் தடுப்புக்கு மேலாக ஓடுதளத்தில் கொட்டினார்கள். ஏமாற்றம் வெளிப்பட்ட இடத்திலேயே அது வழிபாடாகிவிட்டது. தாரிணி தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அருகில் நின்றவர்கள் அதையும் பக்திப் பரவசம் என்றே எடுத்துக்கொண்டு வழிவிட்டார்கள்.

ஞானதுரை தீர்ப்பை வாசித்தார். கியர்த் தண்டை அசைத்தது ஓட்டுநரின் கையே என்பது எல்லோர் முன்னிலையிலும் நிறுவப்பட்டது. ஆட்சேபம் தள்ளுபடி செய்யப்படுகிறது. அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் அதன் கேவலம்.

நந்தகோபன் கண்ணாடியை இறக்கினான்.

"தாரிணி. வந்து நில்லு. தடம் காட்டு."

"மாட்டேன் மாமா. எறங்கி வாங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"அவங்களைப் பாரு." அவன் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் அவமானத்தின் சுவடே இல்லை. "உன்னால நல்லதுதான் ஆயிருக்குது."

அவள் நகரவில்லை. அங்கமுத்துவின் ஆள் ஒருவன் அவளைத் தோளைப் பற்றி ஓரமாக நகர்த்திவிட்டுத் தடம் காட்டினான். விளக்கு பச்சையாயிற்று. நந்தகோபன் அன்று எல்லாச் சுற்றுகளிலும் வென்றான். லட்டு ஊட்டும் வேளையில் இயந்திரம் அணைந்திருந்ததால், அவனுடைய கையை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து, விரல்களை மடித்து, லட்டைத் திணித்து, குழந்தைகளின் வாயில் தேய்த்தார்கள். பெற்றோர் மகிழ்ந்தார்கள்.

மருத்துவர் சுலைகா பானு திங்கட்கிழமை அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. பரிசோதித்தார், நெடுநேரம் திரையைப் பார்த்தார்.

"இனிமே வளையலை எடுத்தாலும் ஒண்ணுதான், விட்டாலும் ஒண்ணுதான்," என்றார்.

"அப்ப இருக்கட்டுமுங்க," என்றான் நந்தகோபன். "எடுத்துட்டா எப்பவுமே அசையாதில்லீங்களா?"

அடுத்த பருவத்துக்குள் இயந்திரத்தை அணைத்து அசையாத கைகளைக் காட்டுவதும், பிறகு இயந்திரத்தைப் போட்டு அவற்றை எழுப்புவதும் பந்தயத்தின் அங்கமாகிவிட்டன. அதற்குரிய விதிகளை ஞானதுரை ஒழுங்காக வகுத்துக் கொடுத்தார். அசைந்த சுண்டுவிரலுக்காக அந்தப் பத்தொன்பது வயதுப் பையனை அணியிலிருந்து நீக்கினார்கள். அருள் முழுதாக இறங்கவில்லையாம்.

நந்தகோபன் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. அங்கமுத்து கொடுத்த பயிற்சிக் கார் ஒன்று வீட்டின் பின்புறக் கொட்டகையில், பின்சக்கரங்கள் தரையில் படாதபடி ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்தது. பகலில் அவன் அங்கேதான் இருந்தான். ஒரு பிற்பகல், இயந்திரத்தின் ஒலி வழக்கத்தைவிட நீண்டு கேட்கவே, தாரிணி உலையை இறக்கி வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். புகை கண்ணைக் கரித்தது.

"இந்தப் பக்கம் வந்து உக்காரு," என்றான். இடப்பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தான்.

அவள் உட்கார்ந்தாள். அவன் இயந்திரத்தை அணைத்தான். கை தொடைமேல் விழுந்தது.

"கியர் மேல உன்ர கைய வெய்யி."

"எதுக்கு மாமா?"

"வெய்யி புள்ள."

அவள் குமிழின்மேல் தன் வலக்கையை வைத்தாள். அவன் இயந்திரத்தைப் போட்டு, கிளட்சை மிதித்து, வேகத்தை ஏற்றினான். தொடைமேல் கிடந்த கை எழுந்து வந்தது. வெதுவெதுப்பாக, உறுதியாக, அவளுடைய கையை முழுவதும் மூடிப் பிடித்தது. ஓராண்டாக அவன் அவளை அந்தக் கையால் தொட்டதில்லை.

"தெரியுதா?" என்று கேட்டான். அவன் கண்கள் நிறைந்திருந்தன. "நாந்தான் புடிச்சிருக்கறேன்."

அந்தப் பிடியில் முதல் கியருக்குத் தேவையான பலம் இருந்தது. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. கை அவள் கையோடு முன்னே போயிற்று. பின்னே வந்தது, இரண்டு. முன்னே, மூன்று. பின்னே, நான்கு. ஓட்டம் முடிந்ததும் விட்டுவிட்டு, தொடைமேல் போய் விழுந்தது. அவள் விரல்களில் எண்ணெயும் வியர்வையும் ஒட்டியிருந்தன. புடவைத் தலைப்பால் ஒவ்வொரு விரலாக அழுத்தித் துடைத்தாள்.

"இன்னொருக்கா," என்றான் நந்தகோபன், முன்கண்ணாடியைப் பார்த்தபடி.

அவள் துடைத்த கையை மறுபடியும் குமிழின்மேல் வைத்தாள்.